360 டிகிரி தலைமைப் பண்பு மதிப்பீடு: காசு கொடுத்து வாங்கலாமா?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு நிறுவனத்தின் தலைவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை அவரைச் சுற்றியுள்ளவர்களிடம் கேட்டு அறிக்கையாகத் தரும் 360 டிகிரி மதிப்பீட்டுச் சேவை, ஒழுங்காக நடத்தினால், அவருக்கு வேறு வழியில் கிடைக்கவே கிடைக்காத தகவலைத் தரும். ஆனால் விற்பனையில் உள்ள பேக்கேஜ்களில் பெரும்பாலானவை ரிப்போர்ட்டோடு கடையைக் கட்டிவிடுகின்றன. உண்மையான வேலை தொடங்குவதே அதற்குப் பிறகுதான். ஐந்துக்கு மதிப்பெண் கேட்டால் கேள்வித்தாளுக்கு மூன்று, ரிப்போர்ட்டுக்கு மூன்றரை, அதற்குப் பிந்தைய வேலைக்கு ஒன்று.

வழக்கமான பேக்கேஜில் 40 முதல் 60 கேள்விகள் இருக்கும். ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண், கடைசியில் இரண்டு மூன்று எழுத்துக் கேள்விகள். மதிப்பிடப்படுபவர் தனக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்வார். அவருடைய மேலதிகாரி, சக மேனேஜர்கள், அவருக்கு நேரடியாகக் கீழே வேலை பார்ப்பவர்கள், சில இடங்களில் வாடிக்கையாளர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் ஆன்லைனில் பதில் தருவார்கள். இரண்டு மூன்று வாரம் திறந்திருக்கும். பிறகு முப்பது பக்கத்துக்கு ஒரு பி.டி.எஃப்., ரிப்போர்ட்டை விளக்கி வழிகாட்டும் கோச் ஒருவருடன் ஒன்றரை மணி நேரப் பேச்சு. முடிந்தது.

பில்லில் வராத செலவு ஒன்று உண்டு. பன்னிரண்டு பேர், ஆளுக்கு 25 நிமிடம் என்றால் ஒரு தலைவருக்கு 5 மணி நேரம். பத்து மேனேஜர்களுக்கு ஒரே சமயத்தில் நடத்தினால் 50 மணி நேரம். அதைவிட மோசம், எல்லோருடனும் வேலை செய்யும் ஓர் ஆளின் மெயிலில் எட்டுப் படிவங்கள் வந்து விழுவது. ஐந்தாவது படிவத்திலேயே அவர் மேலிருந்து கீழ்வரை 4, 4, 4 என்று தட்டிக்கொண்டே போய்விடுவார். ஒருவருக்கு நான்கு படிவங்களுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு போடும் வசதி சேவையில் இருக்கிறதா, ஒரே எண்ணை வரிசையாகத் தட்டிய படிவங்களை அது தனியே காட்டுமா என்று முதலிலேயே கேளுங்கள். பல சேவைகளில் இரண்டும் இல்லை.

சரி, எதை அளக்க வேண்டும்? ஒரு தொழில் எழுவதும் விழுவதும் தலைவரால் மட்டுமே என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். சந்தை, மூலதனம், நேரம், அதிர்ஷ்டம் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் தலைவர் கையில் இருக்கும் பங்கில் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: கெட்ட செய்தி அவரிடம் எவ்வளவு சீக்கிரம் வந்து சேர்கிறது? தொலைநோக்கு, பேச்சுத்திறன், துணிச்சல் எல்லாம் இதற்குப் பின்னால்தான். தவறான தகவலை வைத்துக்கொண்டு துணிச்சலாக முடிவெடுப்பவர் நிறுவனத்தை இன்னும் வேகமாகக் கவிழ்ப்பார், அவ்வளவுதான்.

அமெரிக்கக் கார் நிறுவனமான ஃபோர்டின் கதை இதற்கு நல்ல சாட்சி. 2006 செப்டம்பரில் ஆலன் முலாலி அங்கே தலைமைப் பொறுப்புக்கு வந்தார். வாரந்தோறும் வியாழக்கிழமை எல்லாப் பிரிவுத் தலைவர்களும் தங்கள் வேலையைப் பச்சை (சரி), மஞ்சள் (கவனம் தேவை), சிவப்பு (சிக்கல்) நிறத்தில் காட்ட வேண்டும் என்றார். அந்த ஆண்டு நிறுவனத்தின் நஷ்டம் 1,200 கோடி டாலருக்கு மேல். ஆனால் கூட்டத்தில் வந்த விளக்கப்படங்கள் எல்லாம் பச்சை. கடைசியில் பிரிவுத் தலைவர்களில் ஒருவரான மார்க் ஃபீல்ட்ஸ் ஒரு புதிய மாடலின் வெளியீட்டுக்குச் சிவப்பு போட்டுக்கொண்டு வந்தார். அறையே அமைதியாகிவிட்டது. முலாலி கைதட்டினார், இதற்கு யார் உதவ முடியும் என்று கேட்டார். அதற்கடுத்த வாரங்களில் விளக்கப்படங்களில் சிவப்பும் மஞ்சளும் வரத் தொடங்கின. அந்த ஆண்டின் இறுதியிலேயே அவர்கள் சொத்துகளை அடமானம் வைத்து 2,360 கோடி டாலர் கடன் ஏற்பாடு செய்துகொண்டதும் சேர்ந்துதான் நிறுவனத்தைக் காப்பாற்றியது. 2009இல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவால் மனு கொடுத்தபோது ஃபோர்டு கொடுக்கவில்லை. கைதட்டல் மட்டும் கடனை அடைக்காது. ஆனால் சிவப்பு எது என்று தெரியாமல் கடன் வாங்கிய பணத்தை எங்கே கொட்டுவது?

கைப்பேசி நிறுவனமான நோக்கியா இதற்கு நேர்மாறு. அதன் வீழ்ச்சியைப் பற்றி, அங்கே வேலை செய்தவர்களை நேரில் விசாரித்து 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நடுமட்ட மேனேஜர்கள் தங்கள் மேலதிகாரிகளுக்குப் பயந்தார்கள், மேல்மட்டம் போட்டியாளர்களுக்கும் பங்குதாரர்களுக்கும் பயந்தது என்கிறது. மேலே இருந்து அவசரம், கீழே இருந்து மௌனம். மென்பொருள் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்ற உண்மை மேலே போகும்போது மெருகேறிக்கொண்டே போனது. 2013 செப்டம்பரில் கைப்பேசிப் பிரிவை மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக அறிவித்தார்கள்.

இப்போது கேள்வித்தாளைத் திறந்து பாருங்கள். "தெளிவான தொலைநோக்கு உடையவர்", "ஊக்கமளிப்பவர்", "நேர்மையானவர்", "மாற்றத்தை வழிநடத்துபவர்". அறுபது கேள்வியில் இந்த மாதிரி ஐம்பது. பயம் பற்றி இரண்டு இருந்தால் அதிகம். தவிர, இவை குணத்தைக் கேட்கின்றன, செயலைக் கேட்கவில்லை. "நேர்மையானவர்" என்ற கேள்விக்குச் சம்பளம் வாங்கும் யார்தான் 2 போடுவார்கள்? 2 போட்டாலும், அதை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலையில் அந்தத் தலைவர் எதை மாற்றிக்கொள்வார்?

இன்னொரு கோளாறு, ஒரே கேள்விக்குள் இரண்டு கேள்வி. "எல்லோர் கருத்தையும் கேட்டு, விரைவாக முடிவெடுக்கிறார்" என்று ஒரு வரி. நன்றாகக் கேட்பார், ஆனால் முடிவு மூன்று வாரம் கிடக்கும் என்றால் எத்தனை போடுவது? ஆளுக்கொரு பாதியைப் படித்து மதிப்பெண் போடுவார்கள். வரும் சராசரிக்கு அர்த்தமே இருக்காது. மாதிரிக் கேள்வித்தாளை வாங்கி, இப்படி இரண்டு விஷயங்களைச் சேர்த்துக் கேட்கும் வரிகளையெல்லாம் அடிக்கோடிடுங்கள். ஐந்துக்கு மேல் வந்தால் அந்தச் சேவை வேண்டாம். "பார்த்ததில்லை, சொல்ல இயலாது" என்ற விருப்பம் இல்லாவிட்டாலும் வேண்டாம். தெரியாதவர்கள் எல்லோரும் நடுவில் 3 போட்டு சராசரியைக் குழப்புவார்கள்.

பல சேவைகளில் நாமே சில கேள்விகளைச் சேர்க்கலாம். பேக்கேஜிலேயே உருப்படியான வசதி இதுதான். ஆனால் பெரும்பாலானவர்கள் அந்த இடத்தைக் கம்பெனியின் கொள்கை வாசகங்களை ஒட்டி நிரப்பிவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக இப்படிக் கேட்கலாம்: "ஒரு வேலை தாமதமாகும் என்று தெரிந்த அன்றே அவரிடம் சொல்ல முடிகிறது." "பிரச்சினையைச் சொன்னால், யார் காரணம் என்பதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்கிறார்." "கடந்த ஆறு மாதத்தில், மற்றவர்கள் சொன்னதைக் கேட்டுத் தன் முடிவை மாற்றியிருக்கிறார்." "அவர் ஊரில் இல்லாத வாரத்திலும் குழுவில் முடிவுகள் எடுக்கப்படுகின்றன." "அவர் வைக்கும் இலக்கை விதிகளை மீறாமல் எட்ட முடியும்."

கடைசிக் கேள்வி சும்மா வைத்ததல்ல. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டுச் சேவைகளை விற்க வேண்டும் என்று மேலிடம் அழுத்தம் கொடுத்தது. கீழே இருந்தவர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் கணக்குகளைத் திறந்தார்கள். 2016இல் 18.5 கோடி டாலர் அபராதம். அதற்குள் சுமார் 5,300 ஊழியர்கள் வேலையை இழந்திருந்தார்கள். இலக்கு வைப்பதும் ஒரு தலைமைப் பண்புதான். ஆனால் பெரும்பாலான கேள்வித்தாள்களில் "உயர்ந்த இலக்குகளை நிர்ணயிக்கிறார்" என்பது பாராட்டாக மட்டுமே இருக்கும். அதிக மதிப்பெண் என்றால் நல்லது என்று கணக்கு. அங்கே 5 வந்தால் மகிழ்ச்சியடைவதா, கவலைப்படுவதா என்று ரிப்போர்ட் சொல்லாது.

அடுத்தது, யார் மதிப்பிடுகிறார்கள் என்பது. சம்பந்தப்பட்டவரையே தேர்ந்தெடுக்கச் சொன்னால் வேண்டியவர்கள் பட்டியல்தான் வரும். நேரடியாகக் கீழே வேலை பார்ப்பவர்கள் அத்தனை பேரும் கட்டாயம். சக மேனேஜர்களை அவர் முன்மொழியட்டும், அவருடைய மேலதிகாரி திருத்தட்டும். ஒரு குழுவில் மூன்று பேருக்குக் குறைவாகப் பதில் தந்திருந்தால் அந்தக் குழுவின் மதிப்பெண்ணைத் தனியே காட்டக் கூடாது என்பது இந்தத் துறையில் பரவலான விதி. விதி இருக்கிறது, ஓட்டையும் இருக்கிறது. உதாரணமாக, ரிப்போர்ட்டில் மொத்தச் சராசரி 4.0, பத்துப் பேர் என்று இருக்கிறது. சக மேனேஜர்கள் எட்டுப் பேர், சராசரி 4.25. மீதி இரண்டு பேரின் மதிப்பெண் மறைக்கப்பட்டிருக்கிறது. பத்துப் பேரின் கூட்டுத்தொகை 40, எட்டுப் பேருடையது 34; மறைத்த இரண்டு பேர் சேர்ந்து போட்டது 6, ஆளுக்குச் சராசரி 3. கால்குலேட்டர் கூட வேண்டாம். சிறிய குழுவைப் பெரிய குழுவோடு சேர்த்துவிட்டு, பிரித்துக் காட்டாமல் விடுவதுதான் பாதுகாப்பு. எழுத்துப் பதில்களை எழுதியபடியே அச்சடிப்பதும் ஆபத்து. ஒருவர் வழக்கமாகப் பயன்படுத்தும் சொல், அவர் குறிப்பிடும் ஒரு சம்பவம் போதும், ஆள் யார் என்று தெரிந்துவிடும். கருத்துகளைத் தொகுத்து வேறு வார்த்தைகளில் தரும் சேவையே மேல்.

இனி ரிப்போர்ட். சராசரியை மட்டும் அச்சடிக்கும் ரிப்போர்ட் பாதிப் பொய். ஒரு கேள்விக்கு 3.6 என்று இருக்கிறது. கீழே வேலை பார்க்கும் ஐந்து பேர் 4, 4, 4, 3, 3 போட்டாலும் 3.6 வரும், 5, 5, 5, 2, 1 போட்டாலும் 3.6தான். முதலாவது, பரவாயில்லை ரகத் தலைவர். இரண்டாவது, மூன்று பேரைத் தன் வட்டத்தில் வைத்துக்கொண்டு இரண்டு பேரை ஒதுக்கிவைத்திருக்கும் தலைவர். அடுத்த ஆறு மாதத்தில் வேலையை விடப்போவது யார் என்பது இரண்டாவது வரிசையில்தான் தெரியும். எத்தனை பேர் எந்த மதிப்பெண் போட்டார்கள் என்ற பரவலைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

"உங்கள் துறையின் சராசரி 4.1" என்று பக்கத்தில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். எத்தனை பேரிடம், எந்த ஆண்டு எடுத்தது என்று கேட்டால் பெரும்பாலும் மழுப்பல்தான். அந்தக் கோட்டை மறந்துவிட்டு, அந்த ஆளின் அறுபது கேள்விகளில் மேலே உள்ள ஐந்தையும் கீழே உள்ள ஐந்தையும் பாருங்கள். தனக்குத் தானே போட்டுக்கொண்டதற்கும் கீழே உள்ளவர்கள் போட்டதற்கும் ஒரு புள்ளிக்கு மேல் இடைவெளி இருக்கும் கேள்விகளையும் பாருங்கள். பத்துப் பதினைந்து கேள்விகள் மிஞ்சும். ரிப்போர்ட்டின் சாறு அவ்வளவுதான். மீதி இருபத்தைந்து பக்கம் வண்ணப் படம்.

மதிப்பெண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் கூடாது. சுமார் 4,500 மேனேஜர்களின் மதிப்பீடுகளை அலசி 2000இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மதிப்பெண்களில் காணப்பட்ட வேறுபாட்டில் பாதிக்கும் மேல், மதிப்பெண் போட்டவரின் சொந்தப் பழக்கத்திலிருந்து வந்ததாகத் தெரிந்தது. சிலர் கை தாராளம், சிலர் கை இறுக்கம். அதனால்தான் ஒருவர் போட்ட 2 எதையும் நிரூபிக்காது, ஐந்து பேர் போட்ட 2 நிறையச் சொல்லும். நடத்தும் நேரமும் முக்கியம். 1975இல் பாரி ஸ்டா என்ற ஆய்வாளர் நடத்திய சோதனையில், ஒரு வேலையை முடித்த குழுக்களிடம் அவர்கள் நன்றாகச் செய்ததாகவோ மோசமாகச் செய்ததாகவோ உண்மையோடு தொடர்பில்லாமல் சொன்னார்கள். நன்றாகச் செய்ததாகக் கேள்விப்பட்டவர்கள் தங்கள் குழுவில் ஒற்றுமையும் நல்ல பேச்சுவார்த்தையும் இருந்ததாகப் பதில் எழுதினார்கள். லாபம் கொட்டும் காலாண்டில் எல்லாத் தலைவரும் தீர்க்கதரிசிதான். விற்பனை சாதனை படைத்த உடனேயும், ஆள்குறைப்பு நடந்த உடனேயும் இதை நடத்தாதீர்கள்.

மதிப்பெண்ணைச் சம்பள உயர்வோடு முடிச்சுப் போட்டால் மொத்தமும் வீண். நீ எனக்கு 5 போடு, நான் உனக்கு 5 போடுகிறேன் என்ற ஒப்பந்தம் முதல் சுற்றிலேயே உருவாகிவிடும். "வளர்ச்சிக்கு மட்டும்" என்று சொல்லிவிட்டு ஆண்டு இறுதியில் ஹெச்.ஆர். அதே கோப்பை எடுத்து மேஜையில் வைத்தால், அடுத்த சுற்றில் உண்மையை ஒருவரும் எழுதமாட்டார்கள்.

ரிப்போர்ட்டை எப்படிக் கையில் கொடுக்கிறார்கள் என்பதில்தான் சேவைகள் அதிகம் சறுக்குகின்றன. வார இறுதி மாலையில் பி.டி.எஃப்.ஐ மெயிலில் அனுப்பிவிட்டுப் போவது மிக மோசமான வழி. படிப்பவர் இரண்டு நாள் தனியாக உட்கார்ந்து, எதை யார் எழுதியிருப்பார்கள் என்று துப்பறிந்துகொண்டிருப்பார். கோச் முன்னிலையில் முதன்முறையாகத் திறப்பதே சரி. முதல் அரைமணி நேரம் கோபத்துக்கும் மறுப்புக்கும் போகும். அதனால் ஒன்றரை மணி நேரம் போதாது, இரண்டு மணி நேரமும் இரண்டு வாரம் கழித்து இன்னொரு மணி நேரமும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

பின்னூட்டம் கொடுத்தாலே ஆள் திருந்திவிடுவார் என்பது மூடநம்பிக்கை. 1996இல் க்ளூகர், டெநிசி என்ற ஆய்வாளர்கள் இருவரும் நூற்றுக்கணக்கான முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் பின்னூட்டத்துக்குப் பிறகு செயல்திறன் குறைந்திருந்தது. இன்னொரு பக்கம், ஒரே மேனேஜர்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1999இல் வெளிவந்த ஆய்வு, தங்களுக்கு வந்த மதிப்பீட்டைக் கீழே உள்ளவர்களுடனேயே உட்கார்ந்து பேசியவர்கள் மற்றவர்களைவிட அதிகம் முன்னேறியதைக் காட்டியது. அதாவது, காசு கொடுத்து வாங்கும் முப்பது பக்கத்தைவிட, காசு கேட்காத அந்த அரைமணி நேரப் பேச்சுக்கு வலு அதிகம். பேக்கேஜ்களில் அதைப் பற்றி ஒரு பக்கம்கூட இருக்காது. பூனைக்கு மணி கட்டும் வேலையை விற்பவர் வாங்குபவர் தலையில் கட்டிவிடுகிறார்.

அந்தப் பேச்சை நடத்தும் விதம் இது. ரிப்போர்ட் கிடைத்த இரண்டு வாரத்துக்குள், பதில் தந்த குழுவைக் கூட்டி நன்றி சொல்ல வேண்டும். மாற்றிக்கொள்ளப்போகும் செயல்கள் இரண்டை மட்டும் சொல்ல வேண்டும். ஏழு சொன்னால் ஒன்றும் நடக்காது. "நன்றாகக் கேட்கப்போகிறேன்" என்றால் போதாது. "கூட்டத்தில் என் கருத்தைக் கடைசியில்தான் சொல்வேன்" என்றால்தான் மற்றவர்களால் சரிபார்க்க முடியும். யார் எழுதியது என்று சாடையாகக்கூடக் கேட்கக் கூடாது. "ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்றால்..." என்று ஆரம்பிக்கவும் கூடாது, அந்த ஒரு வாக்கியத்தில் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். இனிமேல் எப்படிச் செய்யலாம் என்று மட்டும் கேட்டு, சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும். மூன்றாவது மாதமும் ஆறாவது மாதமும் அதே ஆட்களுக்கு அந்த இரண்டு செயல்களைப் பற்றி மட்டும் நான்கைந்து கேள்வி அனுப்ப வேண்டும். இந்தச் சிறு சுற்றுகளைத் தனிக் கட்டணம் இல்லாமல் தரும் சேவை கிடைத்தால் உடனே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பதிலாக ஆளுமைப் பரிசோதனை வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். மையர்ஸ் பிரிக்ஸ் போன்றவை ஆளை 16 வகையில் ஒன்றில் போடும். மலிவு, சுவாரசியம், அரட்டைக்கு நல்லது. ஆனால் அது அவர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதைச் சொல்லும், மற்றவர்களிடம் எப்படி நடக்கிறார் என்பதைச் சொல்லாது. ஆள் எடுப்பதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிடுபவர்களே சொல்கிறார்கள்.

360 டிகிரி மதிப்பீட்டில் அகப்படாத ஒரு நோயும் இருக்கிறது: எல்லா முடிவும் ஒருவர் மேஜையில் போய் நிற்பது. நிறுவனரை எல்லோருக்கும் பிடிக்கும், மதிப்பெண் 4.5 வரும், ஆனால் அவர் கையெழுத்துக்காகக் கொட்டேஷன் ஒன்பது நாள் காத்திருக்கும், வாடிக்கையாளர் வேறு இடம் போய்விடுவார். இதற்குச் சேவையே வேண்டாம். கடந்த 30 நாளில் அவருடைய ஒப்புதலுக்குப் போனவை எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை நாள் கிடந்தது, அவற்றில் எத்தனையை அவர் மாற்றினார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். நூற்றில் தொண்ணூற்றைந்தை மாற்றாமலே கையெழுத்துப் போட்டிருந்தால், அந்தக் கையெழுத்து தேவையில்லை. அந்த வகை விஷயங்களில் முடிவெடுக்கும் உரிமையைக் கீழே கொடுத்துவிடலாம்.

தொழில்நுட்பத்தில் கெட்டிக்காரரையே மேனேஜர் ஆக்கும் வழக்கமுள்ள நிறுவனங்களுக்கு இந்தச் சேவை அதிகம் பயன்படும். கூகுள் 2008இல் தொடங்கிய உள் ஆய்வில் நல்ல மேனேஜரின் 8 பண்புகளைப் பட்டியலிட்டபோது, தொழில்நுட்பத் திறமைக்குக் கிடைத்தது கடைசி இடம். ஆட்களுக்கு வழிகாட்டுவது முதலிடம்.

யார் வாங்கக் கூடாது? நேரடியாகக் கீழே மூன்று பேர்கூட இல்லாத சின்ன நிறுவனம் வாங்கக் கூடாது. அங்கே ரகசியம் காக்கவே முடியாது. அவர்கள் வெளியாள் ஒருவரை வைத்து, ஒவ்வொருவரிடமும் தனியாக முக்கால் மணி நேரம் பேசச் சொல்லி, பொதுவாக வந்த கருத்தை மட்டும் முதலாளியிடம் சொல்லச் சொல்லலாம். குறை சொன்னவரை ஏற்கெனவே ஒருமுறை வேலையைவிட்டு அனுப்பிய தலைவரும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். யாரும் உண்மையை எழுதமாட்டார்கள்.

வாங்குவதென்று முடிவு செய்தால், கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். தனித்தனிப் பதில்கள் சேவை நிறுவனத்தின் சர்வரில் எத்தனை மாதம் இருக்கும், எப்போது அழிக்கப்படும். ரிப்போர்ட்டைப் பார்க்க உரிமை உள்ளவர்கள் யார் யார். முதலாளியே போன் செய்து "இந்த வரியை எழுதியது யார்" என்று கேட்டால் என்ன பதில் வரும். மூன்றாவது கேள்விக்கு "அது உங்கள் நிறுவனத்தின் விருப்பம்" என்று விற்பனையாளர் இழுத்தால், டெமோவை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.